நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கல்வராயன் மலையின் மண்பாதைகள் சேறாகிவிடும். வெள்ளிமலையைத் தாண்டி உட்கிராமங்களுக்குப் பிரியும் ஏற்றங்களில், பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி நின்ற இடத்திலேயே உறுமும். பிடிப்பில்லாத சக்கரத்துக்கே டிஃபரன்ஷியல் சுழற்சியை விட்டுக்கொடுப்பதுதான் காரணம்.

பழைய ஜீப்பில் கியர் ராடுக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி ராடு இருக்கும். அதைப் போட்டால் முன் அச்சும் சேர்ந்துகொள்ளும். எஞ்சின் விசை இரண்டு அச்சுகளுக்கும் பகிரப்படும். லோ கியரில், ஆக்சிலேட்டரை அவசரப்பட்டு மிதிக்காமல் விட்டால், டயரின் பட்டன்கள் சேற்றைக் கவ்விக் கவ்வி வண்டி ஏறும். அந்த நிதானம் அவ்வளவு அழகு!

ஆனால் பிரேக் பிடித்தால் வண்டி வழுக்கும் தூரத்தை நான்கு சக்கர இழுவை குறைத்துவிடாது. ஏற்றத்தில் காட்டிய பொறுமையை இறக்கத்திலும் காட்டுபவரே நல்ல மலை ஓட்டுநர்.