சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும்: தில்லித் திறனாய்வாளர் இருவர்

நூலுக்குரிய பத்து அழகுகளைத் தொகுக்கும் நன்னூல், சுருங்கச் சொல்லலை முதலாவதாகவும் விளங்க வைத்தலை அதனையடுத்தும் வைக்கிறது. இரண்டும் ஒன்றாயின் இரு பெயர்கள் வேண்டியதில்லை. சுருங்கியது யாவும் விளங்கியதாகிவிடாது. தற்காலத் திறனாய்வு உரைநடையில் இவ்வேறுபாடு செயற்படும் முறையை, தில்லியில் நெடுங்காலம் வாழ்ந்த க.நா. சுப்ரமண்யம், வெங்கட் சாமிநாதன் ஆகியோரின் எழுத்துகளை ஒப்புநோக்கிக் காணலாம்.

க.நா.சு.வின் தொடர்கள் சிறியவை, பேச்சுக்கு அண்மையவை. கலைச்சொற்கள் அரிதாகவே வருகின்றன. 'படித்திருக்கிறீர்களா?' என்னும் நூலின் தலைப்பே வாசகரை நேர்முகமாக வினவுகிறது. எந்தத் தொடரையும் இருமுறை படிக்க வேண்டியதில்லை. ஆயினும், ஒரு நாவலைச் சிறந்தது என அவர் கூறுமிடத்தில் 'ஏன்?' என்று வினவினால், பெரும்பாலும் அவரது ரசனையே விடையாக எஞ்சுகிறது. தேர்ந்த எழுத்தாளர்களைப் பட்டியலிடும் அவரது வழக்கமும் இத்தகையதே. சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழில் (1959–1970) வற்புறுத்திய அலசல் முறை இக்குறைக்கு எதிர்வினையாகவும் அமைந்தது. கல்விப்புலத்தார் க.நா.சு.வின் நடையை ஆய்வுநடை அன்று என ஒதுக்கியதுண்டு. அவர்கள் குறையைத் தவறான இடத்தில் கண்டனர். தொடரின் எளிமை குறையன்று. சான்றின் சுருக்கமே குறை. நன்னூலார் மொழியில் அது குன்றக் கூறல்.

வெங்கட் சாமிநாதனின் நடை இதற்கு நேர்மாறானது. தொடர்கள் நீள்கின்றன, இடைப்பிறவரல்கள் குறுக்கிடுகின்றன, சொல்ல வந்ததை விட்டுவிட்டு நெடுந்தொலைவு சென்று மீள்கிறார். மற்றொன்று விரித்தல் என்னும் குற்றம் இவருக்குப் பொருந்தும். 'பாலையும் வாழையும்' தொகுப்பைப் படிப்பவர் களைப்படைவது இயல்பு. ஆனால், இலக்கியத்தின் வறட்சியை ஓவியம், நாடகம், இசை ஆகியவற்றின் நிலையோடு இணைத்து அவர் முடிவுக்கு வரும் படிகள் வாசகர் கண்முன் கிடக்கின்றன. உடன்படாதவருக்கும் எந்தப் படியில் மறுப்பது என்பது தெரிகிறது. க.நா.சு.விடம் முடிவு தெளிவு, வழி மறைவு; வெ.சா.விடம் வழி தெளிவு, நடப்பதுதான் கடினம்.

இவ்வேறுபாட்டில் தில்லிக்குப் பங்கு உண்டா? க.நா.சு. 1960களின் நடுப்பகுதியில் அங்குக் குடியேறி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆங்கில இதழ்களிலும் எழுதினார். தமிழே அறியாத வாசகருக்குத் தமிழிலக்கியத்தை அறிமுகப்படுத்தும் பணி அவரது நடையை எளிதாக்கியது எனக் கருதத் தோன்றும். கால வரிசை அதற்கு இடந்தரவில்லை. 'விமரிசனக் கலை' முதலிய நூல்கள் தில்லிக்கு முற்பட்டவை, எளிமையும் முற்பட்டதே. வெ.சா.வின் நிலை வேறு. மைய அரசுப் பணியின்பொருட்டுத் தில்லியில் வாழ்ந்த அவர், அந்நகரில் கண்ட நாடகங்களையும் ஓவியக் காட்சிகளையும் திரைப்படங்களையும் அவற்றைக் கண்டிராத தமிழ் வாசகருக்கு விளக்கியே வாதத்தைத் தொடர வேண்டியிருந்தது. அவரது விரிவில் ஒரு பகுதியேனும் இத்தேவையால் விளைந்தது; எஞ்சியது மனப்போக்கு.

இன்றைய ஆய்வேடுகளின் நடையையும் இவ்விடத்து நோக்கலாம். 'என்பது புலனாகிறது', 'எனக் கருத இடமுண்டு' என முடிபுகள் அடுக்கப்படுகின்றன. தொடர் வெ.சா.வினுடையதைப் போல நீள்கிறது, சான்று க.நா.சு.வினுடையதைவிடக் குறைகிறது. இதற்கும் நன்னூலில் பெயர் உண்டு: வெற்றெனத் தொடுத்தல். ஆய்வேட்டை மதிப்பிடும் படிவத்தில் அதற்கெனத் தனிக்கட்டம் இல்லை.