ஆறு கம்பெனிகள் மூன்றான கதை

1998 தொடக்கத்தில் உலக இசைச் சந்தையின் பெரும்பங்கு ஆறு கம்பெனிகளின் கையில் இருந்தது: யுனிவர்சல், பாலிகிராம், சோனி, வார்னர், இ.எம்.ஐ., பி.எம்.ஜி. 2013இல் மிஞ்சியவை மூன்று. இசை இணையத்தில் திருட்டுப்போனது, விற்பனை விழுந்தது, சேர்ந்தால்தான் பிழைக்க முடிந்தது என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். பாதிக் கதைக்கு இது பொருந்தும். முதல் பெரிய இணைப்புக்குப் பொருந்தாது. கனடாவின் மதுபானக் கம்பெனியான சீகிராம், தன்னிடமிருந்த யுனிவர்சலோடு சேர்ப்பதற்காக ஆயிரம் கோடி டாலருக்கு மேல் கொடுத்து பாலிகிராமை வாங்கியது 1998இல். இணையத்தில் பாட்டுகளை இலவசமாகப் பகிர வழிசெய்த நாப்ஸ்டர் வந்தது 1999 நடுவில். குறுந்தட்டு விற்பனை கொடிகட்டிப் பறந்த காலத்தில் நடந்த இணைப்பு அது.

அதன் விளைவை ஹாலிவுட்டில் லா பிரியா சாலையில் பார்க்க முடிந்தது. சார்லி சாப்ளின் கட்டிய ஸ்டூடியோ வளாகத்தில் பாலிகிராமுக்குச் சொந்தமான ஏ அண்ட் எம் என்ற லேபிள் இயங்கிவந்தது. ‘வீ ஆர் த வேர்ல்ட்’ பாடல் பதிவானது அங்கேதான். 1999 ஜனவரியில் ஒரே நாளில் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசலில் இருந்த பெயர்ப்பலகைக்குக் கறுப்புப் பட்டை கட்டிவிட்டு ஊழியர்கள் வெளியேறினார்கள். யுனிவர்சல் குழுமம் முழுவதிலும் 200க்கும் மேற்பட்ட கலைஞர்கள் கழற்றிவிடப்பட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லேபிளை 1962இல் தொடங்கிய ஹெர்ப் ஆல்பர்ட்டும் ஜெர்ரி மாஸும் 1989இல் பாலிகிராமுக்கு விற்றபோதே, அதன் தனித்தன்மையைக் கெடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி எழுதி வாங்கியிருந்தார்கள். அது மீறப்பட்டதாக 1998இல் வழக்குப் போட்டார்கள். சமரசத்தில் பணம் வந்தது. லேபிள் திரும்பி வரவில்லை. நிறுவியவர்களே எழுதி வாங்கிய உறுதிமொழியின் கதி இது என்றால், முதல் ஆல்பத்தோடு காத்திருக்கும் பாடகர் எந்தத் தைரியத்தில் நிற்பார்?

அந்தப் பாடகரின் நிலைமையைத்தான் இணைப்புக் கணக்குகள் பார்ப்பதில்லை. அவர் குரலைக் கண்டுபிடித்து ஒப்பந்தம் போட்டவர் லேபிளில் ஒருவர் இருப்பார். எந்தப் பாட்டு முதலில் வர வேண்டும், எந்த வானொலியில் யாரைப் பிடிக்க வேண்டும் என்று கூட்டத்தில் வாதாடுபவர் அவர்தான். ஆள்குறைப்பில் முதலில் போவதும் அவர்தான். ஒப்பந்தம் மட்டும் அப்படியே புதிய முதலாளியின் கைக்கு மாறிவிடும். முடிந்த ஆல்பம் அலமாரியில் தூங்கும். பாடகர் வேறிடத்தில் பாடவும் முடியாது. வாங்கிய முன்பணம் கடனாக அவர் பெயரில் நிற்கும். குறிப்பிட்ட அதிகாரி விலகினால் கலைஞரும் விலகலாம் என்ற விதியைப் பேரம் பேசும் வலு உள்ள நட்சத்திரங்கள் எழுதி வாங்கிக்கொள்வார்கள். புதியவர்களுக்கு அது கிடைப்பது அபூர்வம்.

இணைப்பே கேடு என்று சொல்ல நான் தயாரில்லை. இ.எம்.ஐ.யே இணைப்பில் பிறந்ததுதான். பெருமந்தம் நெரித்த 1931இல் கிராமஃபோன் கம்பெனியும் கொலம்பியாவும் சேர்ந்தன. தனித்தனியாக நின்றிருந்தால் இரண்டும் தப்பியிருக்குமா என்பது சந்தேகம். நம் பழைய திரைப்பாடல்களைத் தட்டில் தந்த எச்.எம்.வி. அந்தக் குடும்பத்தின் இந்தியக் கிளை. இன்று அது சரிகம. கைமாறினாலும் சேமிப்பு சிதறாமல் ஒரே இடத்தில் இருந்ததால்தான் 2017இல் கார்வான் என்ற இசைப்பெட்டியில் அந்தப் பாட்டுகளை மொத்தமாகக் கொடுக்க முடிந்தது. பெரிய அளவு தரும் வசதிக்கு இன்னொரு உதாரணம்: 2000க்கு முன் ஒப்பந்தமான பல கலைஞர்களின் தீராத முன்பணப் பாக்கியைக் கணக்கில் கொள்ளாமல் ராயல்டி தருவதாக 2021இல் சோனி அறிவித்தது. தாமதமான நியாயம்தான், ஆனால் சிறிய கம்பெனிக்கு அது எளிதல்ல.

இப்படிப் பழைய பதிவுகளைக் காப்பதில் பெரிய கம்பெனி தன் மதிப்பைக் காட்டியிருக்கிறது. புதிய இசையை வளர்ப்பதில் இணைப்புகள் தோற்றிருக்கின்றன என்பதே என் கணிப்பு. டெர்ரா ஃபர்மா என்ற முதலீட்டு நிறுவனம் பெருங்கடன் வாங்கி 2007இல் இ.எம்.ஐ.யைப் பிடித்தது. மறு ஆண்டே 1,500 முதல் 2,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. ரேடியோஹெட் போனது, ரோலிங் ஸ்டோன்ஸ் போனது. 2011இல் கடன் கொடுத்த சிட்டி குழுமத்திடம் கம்பெனியே போனது. பிறகு ஒலிப்பதிவுப் பிரிவை யுனிவர்சல் வாங்கியது.

2012இல் ஐரோப்பிய ஆணையம் நிபந்தனையோடுதான் அதற்கு அனுமதி தந்தது. பார்லஃபோன் லேபிளை விற்கச் சொன்னது, வார்னர் வாங்கியது. கோல்ட்பிளே வார்னருக்குப் போக, பீட்டில்ஸ் பதிவுகள் யுனிவர்சலிடம் தங்கின. சந்தைப் பங்கைப் பொறுத்தவரை ஆணையம் கறாராகவே நடந்துகொண்டது. ஆனால் கைமாறும் கலைஞர் விரும்பினால் விலகலாம் என்றோ, ஓராண்டுக்குள் வெளியிடாத ஆல்பத்தை அவரிடமே திருப்பித் தர வேண்டும் என்றோ ஒரு நிபந்தனையும் சேர்த்திருந்தால், பங்குகளைப் பிரித்த அளவுக்கு இசைக்கும் பயன் கிடைத்திருக்கும். அடுத்த இணைப்பு எந்த ஆணையத்தின் மேசைக்கு வந்தாலும், கலைஞர்கள் சங்கங்கள் முதலில் கேட்க வேண்டியவை இந்த இரண்டும்தான்.