முதலில் முள், கடைசியில் உயரம்

2020 அக்டோபரில் மகிந்திரா தார் புது வடிவத்தில் வந்தது. 2023 ஜூனில் மாருதி ஜிம்னி வந்தது. ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்பது எஸ்டேட் முதலாளிகளுக்கும் வனத்துறைக்கும் உரியது என்ற நிலை அதற்குப் பிறகு மாறிவிட்டது. வாங்கியவர் அடுத்து என்ன செய்கிறார் என்பதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. முதலில் லிஃப்ட் கிட், பிறகு பெரிய டயர், அதன்பின் இரும்பு பம்பர், கூரையில் விளக்கு வரிசை, பணம் மிஞ்சினால் வின்ச். இந்த வரிசையை அமைப்பது கண்; வண்டி போக வேண்டிய தரைக்கு இதில் பங்கே இல்லை. எந்தப் பொருளை வாங்குவது என்று மாதக்கணக்கில் யோசிப்பவர்கள் எதை முதலில் மாட்டுவது என்று ஒரு மணி நேரம்கூட யோசிப்பதில்லை. ஆனால் செலவு, பாதுகாப்பு, வண்டியின் ஆயுள் எல்லாம் அந்த வரிசையைப் பொறுத்தே அமைகின்றன. புதுக்கோட்டை மாவட்டத்தின் தரையை வைத்துப் பார்த்தால், வழக்கமான வரிசையை ஏறக்குறைய தலைகீழாகத் திருப்ப வேண்டும்.

படிப்படியாக மாற்றுவது என்ற வழக்கம் தன்னளவில் நல்லது. லடாக்கின் பனி, ஜெய்சல்மேரின் மணல், அறந்தாங்கிப் பக்கத்துக் கண்மாய் வண்டல் என எல்லாவற்றுக்கும் ஒரே வண்டியைத்தான் கம்பெனி அனுப்புகிறது. அது எதற்கும் முழுமையாகப் பொருந்தாது. பொருத்திக்கொள்வது உரிமையாளரின் வேலை. ஒன்றை மாட்டி, சில மாதம் ஓட்டி, எங்கே தடைபட்டது என்று பார்த்து அடுத்ததற்குப் போனால் பணமும் சிதறாது, ஓட்டுபவரும் வண்டியோடு சேர்ந்து கற்பார். பழுது, வரிசையைக் கடன் வாங்குவதில் இருக்கிறது. 2014 முதல் கோவாவில் நடந்துவரும் ரெயின் ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிகளும் ஆஸ்திரேலியக் காணொளிகளுமே பலருக்கு முன்மாதிரி. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் கோவாவின் காட்டுச் சேற்றில் வின்ச் இல்லாமல் பிழைக்க முடியாது. புதுக்கோட்டையில் பெய்வது சுமார் 900 மில்லிமீட்டர். அதிலும் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆண்டின் மற்ற மாதங்களில் கந்தர்வகோட்டைப் பக்கத்துச் செம்புறாங்கல் சரளையும் பொட்டலும் முள்காடும்தான் வண்டியின் களம்.

அந்த முள்ளிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும். இந்த மாவட்டத்தில் தார்ச்சாலையை விட்டு இறங்கும் வண்டியை முதலில் நிறுத்துவது பள்ளமோ பாறையோ அல்ல, சீமைக்கருவேல முள். கண்மாய் உள்வாயில், வரத்துவாரி ஓரத்தில், தரிசில் என அது இல்லாத இடம் அரிது. வெட்டிப்போட்ட கிளை காய்ந்தபின் அதன் முள் இன்னும் கெட்டிப்படும். டயரின் மேல்பட்டையில் ஏறிய முள்ளால் வரும் பஞ்சரைப் பத்து நிமிடத்தில் அடைத்துவிடலாம். பக்கச்சுவரில் ஏறினால் அந்த டயரை நம்பவே முடியாது. இங்கே ஓர் உண்மையான சிக்கல் இருக்கிறது. மணலிலும் சேற்றிலும் காற்றைக் குறைத்து ஓட்ட வேண்டும் என்பது எங்கும் சொல்லப்படும் முதல் பாடம். காற்றைக் குறைத்தால் பக்கச்சுவர் வெளியே பிதுங்கும். முள்ளுக்கு அதுவே வாய்ப்பு. ஆகவே மணமேல்குடிக் கரைக்குச் சரியான காற்றழுத்தம் இலுப்பூர்ப் பொட்டலுக்குத் தவறு. தரை மாறும்போதெல்லாம் இறக்கவும் ஏற்றவும் வேண்டுமென்றால் அளவு பார்க்கும் கேஜ், பேட்டரியில் ஓடும் சிறு கம்ப்ரசர், பஞ்சர் கிட் மூன்றும் வேண்டும். சில ஆயிரம் ரூபாயில் முடியும் இவை வண்டியில் எதையும் மாற்றுவதில்லை, ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றச் சொல்வதில்லை. இவற்றை மாற்றம் என்று யாரும் எண்ணாததால்தான் பட்டியலில் கடைசிக்குத் தள்ளப்படுகின்றன. இவற்றை அடுத்து வர வேண்டியது, பக்கச்சுவர் தடித்த ஆல் டெர்ரெய்ன் டயர். அதுவும் கம்பெனி அளவிலேயே.

அளவை ஏன் கூட்டக்கூடாது என்று கேட்பவர்களுக்குக் கணக்கையே பதிலாகத் தரலாம். தாரின் 245/75 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 774 மில்லிமீட்டர். அதை 265/75 ஆர்16 ஆக்கினால் 804. முப்பது மில்லிமீட்டர் கூடியும், அச்சுக்கும் தரைக்கும் நடுவே கிடைக்கும் லாபம் பதினைந்துதான், கட்டைவிரல் அகலம்கூட இல்லை. அதற்கு ஈடாக இழுவை நான்கு சதவீதம் குறைகிறது, வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டுகிறது, ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் டயர் உரசக்கூடும். உரசலைத் தவிர்க்க லிஃப்ட் கிட் வாங்குகிறார்கள். லிஃப்ட் கிட் வண்டியின் உடலைத்தான் உயர்த்தும், அச்சை உயர்த்தாது. ஜிம்னிக்கு முன்னும் பின்னும், தாருக்குப் பின்னால், டிஃபரன்ஷியல் ஹவுசிங் பழைய உயரத்திலேயே தொங்கும். அரிமளம் பக்கத்துத் தைலமரக் காடுகளின் ஊடே போகும் வண்டித்தடத்தில் தட்டக் காத்திருப்பது, வெட்டியபின் மறுதாம்புக்கு விட்ட அடிக்கட்டை. அது உடலில் இடிப்பதற்கு முன்பே ஹவுசிங்கில் இடிக்கும். அங்கே இரண்டு அங்குல லிஃப்டை விட, எஞ்சின் ஆயில் சம்பையும் டிரான்ஸ்பர் கேஸையும் மூடும் ஓர் எஃகுத் தட்டு அதிகம் உதவும். கட்டையை எந்தச் சக்கரத்தில் ஏற்றிக் கடப்பது என்று தெரிந்த ஓட்டுநர் அந்தத் தட்டையும் விட அதிகம் உதவுவார்.

லிஃப்டைக் கடைசிக்குத் தள்ள இன்னும் வலுவான காரணம் எடை. ஸ்பிரிங் என்பது எடைக்கு ஏற்பத் தேர்ந்தெடுப்பது. வின்ச்சும் இரும்பு பம்பரும் சேர்ந்தால் முன்னச்சின் மேல் எளிதாக 80 கிலோ கூடும். ஒரு பெரிய ஆளை பானெட்டின் முனையில் இறங்காமல் உட்கார வைத்தது போல. சுமார் 1,200 கிலோ எடையுள்ள ஜிம்னிக்கு அது சிறிய சுமை அல்ல. முதல் ஆண்டு லிஃப்ட், இரண்டாம் ஆண்டு பம்பர், மூன்றாம் ஆண்டு வின்ச் என்று போனால், வாங்கிய ஸ்பிரிங் மூன்றாம் ஆண்டில் தவறானதாகிவிடும். மூக்கு தாழும், பிரேக் பிடித்தால் முன்பக்கம் குத்தும், மறுபடி ஸ்பிரிங் வாங்க வேண்டும். இரண்டு முறை வாங்கியதற்குக் காரணம் பொருளின் தரம் அல்ல, வரிசை. இதிலிருந்து ஒரு விதியை எடுக்கலாம்: மற்றொன்றைக் கட்டாயமாக்கும் மாற்றம் பின்னால் வரட்டும், எதையும் கட்டாயமாக்காதது முன்னால் வரட்டும். கம்ப்ரசர் எதையும் கேட்பதில்லை. லிஃப்ட் கிட்டோ சக்கரக் கோணச் சீரமைப்பையும் நீண்ட பிரேக் ஹோஸையும் கேட்கும். தாரின் முன்னச்சு இணைப்புகளின் கோணத்தைக் கூட்டி அவற்றின் ஆயுளைக் குறைக்கும். ஈர்ப்பு மையத்தை மேலே தூக்கி, கண்மாய்க் கரைச் சரிவில் வண்டி கவிழும் வாய்ப்பையும் கூட்டும்.

சிக்கிக்கொண்டால் வின்ச் இல்லாமல் என்ன செய்வது என்பது நியாயமான எதிர்வாதம். ஆனால் வின்ச் தனியாக வேலை செய்யாது, கட்டிக்கொள்ள ஒன்று வேண்டும். மழைக்குப் பிந்தைய கண்மாய் நடுவில் நம்பிக் கட்டத்தக்க மரம் அரிது. தைலமரம் ஒல்லி. தென்னையை நம்பலாமா என்பதற்கு 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயல் பதில் சொல்லியிருக்கிறது: ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. அதே சமயம் இம்மாவட்டத்தில் டிராக்டர் இல்லாத ஊர் இல்லை. சிக்கிய வண்டியை இழுக்கப்போவது பெரும்பாலும் அதுதான். பிளாஸ்டிக் பம்பருக்குள் எங்கோ சங்கிலியை மாட்டி டிராக்டர் இழுத்தால் என்ன உடையும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வின்ச்சுக்கு வெகு முன்பாக, வண்டியின் அடிச்சட்டத்தோடு பிணைந்த, எடை தாங்கும் இழுகொக்கி முன்னும் பின்னும் இருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். ஒரு நல்ல இழுவைப் பட்டை, ஷாக்கிள், மண்வெட்டி அதோடு சேரும். கஜாவுக்குப் பிந்தைய நாட்களில் சாய்ந்த மரங்களும் மின்கம்பங்களும் கிராமச் சாலைகளை அடைத்துக் கிடந்தன. அப்படிப்பட்ட வழியில் போக வேண்டிய வண்டிக்கு மரம் அறுக்கும் வாளும் கயிறும்தான் தேவை. உயர்ந்த சஸ்பென்ஷனால் அங்கே ஒரு பயனும் இல்லை.

தண்ணீரைப் பற்றிய ஆசை தனியாகப் பார்க்கத் தக்கது. ஸ்னார்க்கல் மாட்டினால் ஆற்றையே கடக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. தாருக்குக் கம்பெனி சொல்லும் நீராழ வரம்பு 650 மில்லிமீட்டர். ஸ்னார்க்கல் காற்று இழுக்கும் வாயை மட்டும் உயர்த்துகிறது. மின் இணைப்புகளோ அச்சின் காற்றுக்குழாய்களோ அதனால் உயர்வதில்லை. தெற்கு வெள்ளாற்றின் தரைப்பாலத்தில் வெள்ளம் ஓடும்போது ஆபத்து எஞ்சினுக்குள் நீர் போவது மட்டும் அல்ல, வண்டியே மிதந்து தள்ளப்படுவதும்தான். அங்கே ஸ்னார்க்கல் தரும் துணிச்சல் உயிருக்கு உலை வைக்கும். மட் டயரைப் பற்றியும் இப்படி ஒரு கவலை இருக்கிறது. ஈரமான கண்மாய்க் கரையை அது உழுதுவிடும். அந்தத் தடத்தில் அடுத்த மழை ஓடி அரிக்கும், கரை பலவீனப்படும், பாதிக்கப்படுவது ஆயக்கட்டு விவசாயி. பொழுதுபோக்குக்காக ஊரின் நீர்க்கரையைக் கிழிக்கும் மாற்றத்தை வரிசையில் எங்கும் வைக்க எனக்கு மனம் இல்லை. முத்துக்குடா அலையாத்திக் காட்டை ஒட்டிய சேற்றுக்கும் இது பொருந்தும்.

சட்டமும் இதே வரிசையைத்தான் ஆதரிக்கிறது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் தந்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்று வகுத்தது. முன்பக்க இரும்புத் தடுப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. பாதசாரிக்கு அவை ஆபத்து, ஏர்பேக்கின் இயக்கத்தையும் குழப்பக்கூடும். எல்லோரும்தானே மாட்டுகிறார்கள் என்பது வாதமாகாது. விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் எல்லோருடைய வண்டியையும் பார்க்காது, இந்த வண்டியைத்தான் பார்க்கும்.

முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக், ஸ்னார்க்கல் ஆகியவற்றோடு ஃபோர்ஸ் கூர்க்கா கம்பெனியிலிருந்தே வருகிறது. ஓட்டப்போகும் தரையை முதலிலேயே தெரிந்தவர், பின்னால் மாட்டும் பல மாற்றங்களை இப்படி வாங்கும்போதே முடித்துவிடலாம். ஏற்கெனவே தாரோ ஜிம்னியோ வைத்திருப்பவர் கம்ப்ரசர், பஞ்சர் கிட், இழுகொக்கி, பட்டை, நல்ல டயர், அடித்தட்டு என்று போய், ஒரு வடகிழக்குப் பருவமழையையும் ஒரு கோடையையும் அதிலேயே ஓட்டிப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் எந்த இடத்தில் எந்தச் சக்கரம் சுழன்று நின்றது, எந்தப் பாகம் எதில் தட்டியது என்று சுட்டிச் சொல்ல முடிந்தால், டிஃபரன்ஷியல் லாக்கைப் பற்றியோ ஸ்பிரிங்கைப் பற்றியோ மெக்கானிக்கிடம் பேசலாம்.