மினெற் டி சில்வாவின் கட்டடக் கலை: பண்பாட்டுக் கலப்பும் சமூக நோக்கும்

பல பண்பாடுகள் சந்திக்கும் இல்லத்தில் வளர்ந்த கலைஞர் ஒருவரைப் பற்றி எழுதுவோர், அவ்வளர்ப்பையே அவரது கலைக்கு முழு விளக்கமாகக் கூறி அமைந்துவிடுதல் வழக்கமாக உள்ளது. அத்தகைய விளக்கம் போதுமானதன்று. கலப்புப் பண்பாட்டில் வளர்ந்தோர் பலராயினும், அவருள் சமூகத்திற்கென ஒரு கலைமுறையை வகுத்தோர் மிகச் சிலரே. எனவே, பெற்ற மரபு எக்கட்டத்தில், எத்தகைய செயலினூடாகக் கலைமுறையாக மாறுகின்றது என்பதே விமர்சனம் எழுப்ப வேண்டிய வினாவாகும். இலங்கையின் முதற் பெண் கட்டடக் கலைஞரான மினெற் டி சில்வாவின் (1918-1998) பணிகளை இந்நோக்கில் ஆராய்தல் பயனுடைத்து.

கண்டியிற் பிறந்த மினெற்றின் தந்தை ஜோர்ஜ் ஈ. டி சில்வா, சிங்கள பௌத்தர். வழக்கறிஞராக விளங்கிப் பின்னர் அமைச்சராகவும் பதவி வகித்தவர். தாய் அக்னஸ் நெல், பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த கிறித்தவர். இருவரும் தத்தம் சமூக எல்லைகளைக் கடந்து மணம் செய்துகொண்டவர்கள். இவ்விணைவைக் காட்டிலும் அவ்வில்லத்தில் நிலவிய அரசியற் சூழலே நமது ஆய்வுக்கு முக்கியமானது. பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் செயலாளராக விளங்கிய அக்னஸ், டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தார். தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமோ என அவரிடம் வினவப்பட்டபோது, அவர்களும் பெண்களே. எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற கருத்துப்பட அவர் விடையிறுத்தார். 1931 இல் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தபொழுது மினெற்றுக்கு வயது பதின்மூன்று. எல்லாரும் என்னும் சொல்லில் யார் யார் அடங்குவர் என்ற வினாவை அவர் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தார் எனலாம்.

பம்பாயில் அவர் பெற்ற அனுபவமும் இதனோடு இயைந்ததே. சேர் ஜே. ஜே. கலைக்கல்லூரியிற் கட்டடக் கலை பயின்ற காலத்தில், விடுதலைப் போராட்ட ஆதரவுச் செயல்களிற் பங்குகொண்டமையால் அவர் அங்கிருந்து நீக்கப்பட்டார். அவரது தமக்கை அனில் டி சில்வா, 1943 இல் உருப்பெற்ற இந்திய மக்கள் நாடக மன்றத்தின் முதற் பொதுச்செயலாளர். 1946 இல் முல்க் ராஜ் ஆனந்த் முதலியோர் தொடங்கிய 'மார்க்' சஞ்சிகையில் சகோதரியர் இருவருக்கும் பங்குண்டு. கலை மக்களிடமிருந்து பிறந்து மக்களிடமே மீளவேண்டும் என்பது அவ்வட்டத்தின் கொள்கை. பின்னர் இலண்டன் சென்று கற்ற மினெற், 1947 இல் நவீன கட்டடக் கலைஞரின் சர்வதேச மாநாட்டிற் கலந்துகொண்டார். லெ கோர்பூசியேயின் நட்பையும் பெற்றார். 1948 இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் உறுப்பினராகி, அத்தகுதியை எய்திய முதல் ஆசியப் பெண் என்னும் பெருமையோடு நாடு திரும்பினார்.

நாடு திரும்பியபின் அவர் அமைத்த முதலாவது கட்டடம் கண்டியிலுள்ள கருணாரத்ன இல்லம் (1949-51). மலைச்சரிவை வெட்டிச் சமமாக்காது, சரிவுக்கு இயைய வெவ்வேறு தளங்களில் அறைகள் அமைந்தன. கதவுகளில் தும்பரப் பாய் நெசவு பதிக்கப்பட்டது. கண்டிய நடனத் தோற்றங்கள் பொறித்த சுட்ட களிமண் ஓடுகளும், ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியமும் வரவேற்புக் கூடத்தில் இடம்பெற்றன. சீமெந்தையும் கண்ணாடியையும் கையாளும் நவீன கட்டடத்தில் கிராமத்துக் கைவினைஞருக்கு ஊதியமும் இடமும் உண்டு என்பதை அவர் செயலிற் காட்டினார். இதனையே 'நவீன பிரதேசக் கட்டடக் கலை' எனப் பெயரிட்டு அவர் விளக்கினார். இதற்கு முன்னோடியாக, 1908 இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிப் பெருநூல் வெளியிட்ட ஆனந்த குமாரசுவாமியைக் குறிப்பிடலாம். தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஒருவரே கண்டியக் கைவினையின் பெருமையை உலகறியச் செய்தார் என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

எனினும், கருணாரத்ன இல்லத்தின் குறைபாட்டையும் சுட்டுதல் விமர்சனத்தின் கடமையாகும். நெசவாளியின் பாயும் குயவரின் ஓடும் அங்கு அழகுப் பொருள்களாகவே நிற்கின்றன. அவற்றைச் செய்தோர் அவ்வீட்டில் வாழ்பவரல்லர். வசதி படைத்த குடும்பமொன்றின் இரசனைக்குள் மக்கட் கலை வந்து சேர்ந்தது. மக்கள் வந்து சேரவில்லை. பண்பாட்டுக் கலப்பு இக்கட்டத்தில் அலங்காரமாக நிற்கின்றதேயன்றிச் சமூக உறவாக மாறவில்லை.

அம்மாற்றம் நிகழ்ந்த இடம் கண்டி நகருக்கு அண்மையிலுள்ள வட்டபுளுவ வீடமைப்புத் திட்டமாகும். அரசாங்க உத்தியோகத்தருக்கென 1950களின் நடுப்பகுதியில் தொடங்கி 1958 இல் நிறைவுற்ற இத்திட்டத்தில் சுமார் 250 வீடுகள் அமைந்தன. குடியேறவிருந்தோர் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் எனப் பல இனத்தவர், வருமானத்திலும் வேறுபட்டவர். ஒரே வரைபடத்தை வரைந்து நூற்றுக்கணக்கிற் பெருக்குவதே அக்காலப் பொதுவழக்கம். மினெற் அவ்வாறு செய்யவில்லை. குடியிருக்கப்போவோரைக் கூட்டிப் பேசினார். வினாக்கொத்துகள் மூலம் அவர்தம் குடும்ப அளவு, பழக்கவழக்கம், செலவிடும் ஆற்றல் ஆகியவற்றை அறிந்தார். அவ்விடைகளிலிருந்தே பல வீட்டு மாதிரிகளை வகுத்து, அவரவர் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள இடமளித்தார்.

இம்முறையின் சிறப்பு யாது? ஒரு குடும்பத்தின் சமையலறை எங்கு அமைய வேண்டும், வழிபாட்டுக்குரிய இடம் எது, விருந்தினர் எதுவரை வரலாம் என்பன ஒவ்வொரு சமூகத்திலும் வேறுபடுவன. இவ்வேறுபாடுகளைக் கட்டடக் கலைஞர் தாமே ஊகித்தால், தமது சமூகத்தின் வழக்கத்தையே பிறர்மீது சுமத்துவார். இரு சமூகங்களுக்கிடையே வளர்ந்தவருக்கோ எவ்வழக்கமும் இயற்கையின் நியதியாகத் தோன்றுவதில்லை. அவர் கேட்டறிய வேண்டியவராகின்றார். மினெற்றின் வளர்ப்பு அவருக்கு அளித்த உண்மையான கொடை இதுவே எனலாம். தும்பரப் பாயைக் காட்டிலும் வினாக்கொத்து அவரது பிறப்பின் பயனை நன்கு வெளிப்படுத்துகின்றது.

திட்டம் உருவான ஆண்டுகளையும் நோக்குதல் வேண்டும். 1956 இல் சிங்களம் மாத்திரமே அரசகரும மொழியாக்கப்பட்டது. 1958 இல் இனக்கலவரம் மூண்டது. நாட்டின் சட்டம் ஒரு சாராரின் மொழியைக் கேளாதொழிந்த காலத்தில், ஒரு மலைச்சரிவில் பல இனத்தவரிடமும் எவ்வாறு வாழ விரும்புகின்றீர் எனக் கேட்கப்பட்டது. கட்டடக் கலையால் இனப்பகையைத் தீர்க்க இயலாது. அவ்வாறு உரிமை கோருவது மிகையாகும். ஆயினும் அயலவராக வாழ்தல் திட்டமிடப்படக்கூடிய ஒன்று என்பதற்கு அத்திட்டம் சான்றாயிற்று.

இத்துணைச் சிறப்பும் கூறியபின் ஒரு வினா எஞ்சுகின்றது. வட்டபுளுவயில் கேட்கப்பட்டோர் எழுத்தறிவும் மாதச் சம்பளமும் உடைய நடுத்தர வர்க்கத்தினர். அதே கண்டி மலைகளிலே, ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான லயன் அறைகளில் குடும்பம் குடும்பமாகத் தோட்டத் தொழிலாளர் வாழ்ந்தனர். மினெற் பட்டம் பெற்ற 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்த 1949 ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களுட் பெரும்பாலாரின் வாக்கைப் பறித்தன. தாய் யாருக்காக வாதாடினாரோ, அப்பெண்களே எல்லாரும் என்னும் சொல்லிலிருந்து மீண்டும் வெளியேற்றப்பட்டனர். மகளின் வினாக்கொத்தும் அவர்களது வாசலை எட்டவில்லை. இதனைத் தனியொருவரின் குற்றமாகக் கொள்ளலாகாது. தோட்டங்களில் வீடு யாருடைய சொத்து, யார் கட்டளையிடுகின்றார், யார் செலவிடுகின்றார் என்பனவே கலைஞரின் கைக்கு எட்டும் தூரத்தை நிர்ணயித்தன. ஆனால் 'பிரதேசம்' என்னும் கோட்பாடு கண்டியக் கைவினையை மாத்திரம் தன்னுள் அடக்கி, அப்பிரதேசத்தின் தேயிலைச் சரிவுகளை வெளியே விடுமாயின், அது முழுமை பெற்ற கோட்பாடாகாது.

ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் 1970களின் பிற்பகுதியிற் கற்பித்துத் திரும்பிய மினெற், 1984 இல் நிறைவுற்ற கண்டிக் கலை நிலையத்தைத் தம் சொந்த நகருக்கு வடிவமைத்தார். கலைஞரும் பொதுமக்களும் கூடுவதற்கென எழுந்த அந்நிலையம் இன்று பெரிதும் உல்லாசப் பயணிகளின் மாலைநேர நடனக் காட்சிகளால் அறியப்படுகின்றது. பயன்படுத்துவோரைக் கேட்டுக் கட்டினாற் போதாது, கட்டியபின்னும் அது அவர்களுடையதாகவே நிலைத்தல் வேண்டும் என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

மினெற் டி சில்வாவை வெறும் முதல்வராகப் போற்றி அமைதல் எளிது: முதற் பெண், முதல் ஆசியர் என்ற அடைமொழிகள் நினைவுச் சின்னங்களுக்குப் பொருந்துவன. அவரது வாழும் மரபு வேறு. வாழப்போகின்றவரைக் கேளாமல் வீடு வரையலாகாது என்பதே அது. அவ்வினா வட்டபுளுவ வரை வந்து நின்றுள்ளது. லயன் வாசலிலும் அதனைக் கேட்பது பின்வருவோரின் பணியாகும்.