பின்னால் கொடுத்து முன்னால் போகிறவர்கள்

சித்தூர்ப் பக்கம் கபடி பார்த்து வளர்ந்தவன் நான். முதன்முதலில் ரக்பி பார்த்தபோது பிடியும் தள்ளுமுள்ளும்தான் கண்ணில் பட்டன. இலங்கையின் கண்டியில், நித்தவெல மைதானத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்தான் என் பார்வையைத் திருப்பினார். "பந்தையே பார்த்துக்கிட்டு இருக்காதீங்க தம்பி. பந்து வச்சிருக்கிறவன் தோளைப் பாருங்க."

தோளைப் பார்த்தேன். இரு கையிலும் பந்தை ஏந்தி ஓடி வந்தவன் இடுப்பை வலப்பக்கம் திருப்பினான். கைகள் வீசின, கண்ணும் அந்தப் பக்கத்து ஆளிடமே போனது. மறிக்க வந்தவனும் அதை நம்பி அந்தப் பக்கக் காலில் எடையைப் போட்டான். பந்தோ கையை விட்டுப் போகவே இல்லை. திரும்பி வந்து நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. மறித்தவனுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நுழையச் சந்து திறந்துவிட்டது. கபடியில் பாடிப் போகிறவன் காலை நீட்டுவதாகப் போக்குக் காட்டி, கையால் தொட்டுவிட்டு வருவானே, அதே வித்தை.

ரக்பியில் கையால் பந்தை முன்னால் எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்கலாம். அதாவது, முன்னேற நினைப்பவன் பின்னால் ஓடி வருகிறவனை நம்பியே ஆக வேண்டும். அந்த நம்பிக்கையைத் தன் ஆட்டமாகவே ஆக்கிக்கொண்டதற்காகத்தான் கண்டி ஸ்போர்ட்ஸ் கிளப்பை நான் கொண்டாடுகிறேன்.

வெள்ளைக்காரர் காலத்தில், 1874இல் பிறந்த கிளப் அது. இலங்கையில் ரக்பி 1879இல் கொழும்பில் தொடங்கி, தேயிலைத் தோட்டத் துரைமார்களோடு மலையேறியது. ஆனால் அது கண்டி மண்ணில் வேர்விட்டது பள்ளிக்கூடங்களால்தான். கிங்ஸ்வுட் கல்லூரியை 1891இல் நிறுவிய எல்.ஈ. பிளேஸ், மாணவர்கள் கையில் இந்தப் பந்தைக் கொடுத்தார். 1906இல் கிங்ஸ்வுட்டும் கண்டியின் இன்னொரு பள்ளியான டிரினிட்டியும் மோதியதே நாட்டில் பள்ளிகளுக்கிடையே நடந்த முதல் ஆட்டம். 6-6 என்று சமனில் முடிந்தது. டிரினிட்டியும் கொழும்பு றோயலும் மோதும் பிராட்பி கேடயம் 1945இல் வந்தது. இப்படி ஓர் ஊரே பிள்ளைப் பருவத்திலிருந்து பந்தைக் கைமாற்றிப் பழகியது.

அப்படியும் கிளப்புகள் மோதும் கிளிஃபர்ட் கிண்ணம் நெடுங்காலம் பெரும்பாலும் சி.ஆர்., சி.எச்., ஹவ்லொக் போன்ற கொழும்புக் கிளப்புகளின் வீட்டுச் சொத்தாக இருந்தது. 1990களில் கண்டி அதை மலைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் லீக் பட்டங்களும் கிண்ணங்களும் அடுத்தடுத்து வந்தன. கிங்ஸ்வுட்டில் படித்து, கண்டிக்கும் இலங்கைக்கும் தலைவரான ஃபாஸில் மரிஜா இந்த மரபின் அருமையான விளைச்சல். அவர் ஆடிய ஃப்ளை ஹாஃப் இடத்தில் நிற்பவனுக்கு முடிவெடுக்கக் கிடைப்பது கண்சிமிட்டும் நேரம்தான்: உதைப்பதா, ஓடுவதா, கொடுப்பதா?

நான் போன அன்று பாதி ஆட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. காய்ந்த பந்தென்றால் விரல்நுனியால் சுழற்றிவிடலாம். திருகாணி மாதிரி சுழன்றுகொண்டே காற்றைக் கிழித்துப் போகும். நனைந்த பந்து வழுக்கும். கண்டிப் பையன்கள் சட்டென்று நெருங்கி ஓட ஆரம்பித்தார்கள். சுழற்சியை விட்டுவிட்டு, குழந்தையைக் கைமாற்றுவதுபோல் பக்கத்தில் இருப்பவன் மார்புக்கு நேரே பந்தை வைத்தார்கள். ஒருவன், இன்னொருவன், மூன்றாமவன். நாலாவது ஆள் கோட்டைத் தாண்டிப் புல்லில் பந்தை அழுத்தினான்.

சுற்றிலும் எல்லோரும் எழுந்து கூச்சலிட்டார்கள். பெரியவர் மட்டும் உட்கார்ந்தபடியே, முதலில் பந்து கொடுத்தவனைக் காட்டினார். அவன் பிடிபட்டு, சேற்றில் குப்புறக் கிடந்தான். கைகள் இன்னும் கொடுத்த திசையிலேயே நீண்டிருந்தன.