பாடவேண்டிய பாட்டு

குறியீடு என்ற சொல்லை நாம் மலிவாகவே புழங்கி வந்திருக்கிறோம். கவிதையில் ஒரு பறவை வந்தால் குறியீடு, ஜன்னல் திறந்தால் குறியீடு. அதற்காக நம்மில் யாரும் எதையும் இழந்ததில்லை. அமெரிக்கத் தென்மாநிலங்களில் 2020ஆம் வருஷம் கல்லூரிக் கால்பந்து ரசிகர்கள் ஒரு கொடியையும் ஒரு பாட்டையும் வைத்துக்கொண்டு நடத்திய சண்டையில், இலக்கிய விமர்சனத்தின் பழைய கேள்வி - அர்த்தம் எங்கே இருக்கிறது, எழுதியவனிடமா, எழுத்திலா, கேட்பவனிடமா என்பது - நம்மைவிட உக்கிரமாகக் கேட்கப்பட்டதாக எனக்குப் பட்டது. கேட்டவர்களில் பலர் விமர்சனம் என்ற வார்த்தையை வாழ்நாளில் பயன்படுத்தாதவர்கள். (நம் மொழியில் கச்சேரி கேட்பவனும் ரசிகன், ஆட்டம் பார்த்துக் கத்துபவனும் ரசிகன். இந்த ஒற்றுமையை நாம் இதுவரை அவமானமாகத்தான் நினைத்து வந்திருக்கிறோம்.) விளையாட்டில் எனக்கு அக்கறை கிடையாது. பாட்டில் உண்டு.

இந்தக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு மோதி ஓடும் ஆட்டம். தென்மாநிலங்களில் சனிக்கிழமைதோறும் ஒரு லட்சம் பேர் வரை கொள்ளும் அரங்குகளில் நடக்கிறது. கோயில் திருவிழா என்று சொன்னால் மிகையில்லை. ஆடுகிறவர்கள் மாணவர்கள். 2020ல் அவர்களுக்குப் படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் உண்டு, சம்பளம் கிடையாது. தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்றுக்கொள்ளும் உரிமையே 2021 ஜூலையில்தான் வந்தது. கல்லூரிகள் வருமானத்தில் நேரடியாகப் பங்கு தர ஆரம்பித்தது 2025ல். களத்தில் பெரும்பாலும் கறுப்பர்கள், அரங்கில் பெரும்பாலும் வெள்ளையர்கள். ஆஸ்டின் நகரிலுள்ள டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் 100க்கு 5 பேர் அளவே. அதன் ஆட்டக்குழுவில் அவர்கள்தான் அதிகம்.

2020 மே 25ந் தேதி மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸ்காரரின் முழங்காலின் கீழ் செத்தார். அந்தக் கோடையில் ஊர் ஊராக ஊர்வலம். கூடவே கொள்ளைநோய். ஆட்டம் நடக்குமா என்பதே நிச்சயமில்லை. பிக் டென், பாக்-12 என்ற இரண்டு பெரிய கூட்டமைப்புகள் ஆகஸ்டில் ஆட்டத்தை ஒத்திவைத்து, செப்டம்பரில் மனம் மாறின. தென்கிழக்குக் கூட்டமைப்பு செப்டம்பர் 26ல் ஆரம்பித்தது, தங்களுக்குள் மட்டும் பத்து ஆட்டங்கள் என்று. அரங்குகள் பல கால்பங்கு நிறைந்தும் சில காலியாகவும் இருந்தன.

இதை வெறும் பின்னணியாக நான் சொல்லவில்லை. சடங்கின் பலம் இரைச்சலில் இருக்கிறது. ஒரு லட்சம் பேர் ஒரே குரலில் பாடும்போது எந்தச் சொல்லும் காதில் விழாது. அந்த வருஷம் பாட்டு முதல் தடவையாகக் காதில் விழுந்தது.

முதலில் கொடி. மிஸிஸிப்பி மாநிலக் கொடியின் மூலையில், அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்னகக் கூட்டரசின் போர்க்கொடி 1894லிருந்து இருந்து வந்தது. அதற்கு நான்கு வருஷம் முன்னால்தான் அந்த மாநிலம் புது அரசியல் சட்டம் எழுதிக் கறுப்பர்களின் வாக்கைப் பறித்திருந்தது, தற்செயலல்ல. 2001ல் மக்களிடம் கேட்டார்கள். 100க்கு 64 பேர் பழைய கொடியே போதும் என்றார்கள். 2020 ஜூன் 22ல் மிஸிஸிப்பி ஸ்டேட் பல்கலைக்கழக ஆட்டக்காரர் கைலின் ஹில், அந்த மாநிலத்திலேயே பிறந்த கறுப்பர், கொடியை மாற்றாவிட்டால் இந்த மாநிலத்துக்காக இனி ஆடமாட்டேன் என்று பகிரங்கமாக எழுதினார். கூட்டமைப்பின் தலைவர் நாலு நாள் முன்புதான் கொடி மாறாவிட்டால் முக்கியப் போட்டிகளை அங்கே நடத்துவது சந்தேகம் என்று எச்சரித்திருந்தார். 25ந் தேதி பயிற்சியாளர்கள் தலைநகர் ஜாக்ஸனுக்குப் போய்ச் சட்டசபையில் வாதாடினார்கள். 28ந் தேதி ஓட்டெடுப்பு: கீழ்ச்சபையில் 91க்கு 23, மேற்சபையில் 37க்கு 14. 30ந் தேதி கவர்னர் கையெழுத்து. 126 வருஷக் கொடி எட்டு நாளில் இறங்கியது. நவம்பரில் மக்னோலியாப் பூப்போட்ட புதுக்கொடிக்கு 100க்கு 70க்கு மேற்பட்டவர்கள் ஓட்டுப் போட்டார்கள்.

எட்டு நாள் என்பது ஓரளவு கண்கட்டு. அதே மாநிலத்தில் ஆக்ஸ்ஃபர்ட் ஊரிலுள்ள பல்கலைக்கழகம் - 'ஓல் மிஸ்' என்று செல்லமாக அழைக்கிறார்கள். தோட்ட முதலாளியின் மனைவியை அடிமைகள் அழைத்த சொல் அது - 1997லேயே இந்தப் பிரச்னையில் ஒரு சூட்சுமமான காரியம் செய்தது. அரங்குக்குள் கொடிகளைத் தடைசெய்தால் பேச்சுரிமை என்று வழக்கு வரும். ஆகவே பாதுகாப்பு என்ற பேரில் குச்சிகளைத் தடைசெய்தார்கள். கொடி இருக்கலாம், கம்பு இருக்கக் கூடாது! கறுப்பின இளைஞர்களைத் தங்கள் குழுவில் சேர்க்கக் கொடி இடைஞ்சல் என்பதைப் பயிற்சியாளரே சொன்னார். 1962 செப்டம்பர் 29ல், ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பர் அங்கே மாணவராக நுழைவதற்கு முந்தைய நாள், கவர்னர் ராஸ் பார்னெட் கால்பந்து இடைவேளையில் மைதானத்தின் நடுவே நின்று கூட்டத்தை உசுப்பியதும், மறுநாள் கலவரத்தில் இரண்டு பேர் செத்ததும் ரசிகர்களின் ஞாபகத்தில் எங்கே போயிற்று? பதில் இல்லை. ஆனால் நல்ல ஆட்டக்காரன் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடுவான் என்பது ஞாபகத்தில் நின்றது. வாத்தியக் குழு 'டிக்ஸி' பாட்டை நிறுத்தியது 2016ல். ஆக, கொடி 23 வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது.

டெக்ஸாஸில் பிரச்னை பாட்டு. 'தி ஐஸ் ஆஃப் டெக்ஸாஸ்' அந்தப் பல்கலைக்கழகத்தின் கீதம். ஆட்டம் முடிந்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும், ஆட்டக்காரர்கள் அரங்கைப் பார்த்து நின்று, சுண்டுவிரலையும் ஆட்காட்டி விரலையும் மாட்டுக்கொம்பு போல நீட்டிக் கையைத் தூக்கிப் பாடவேண்டும். 1903 மே மாதம் ஆஸ்டினில் ஒரு மின்ஸ்ட்ரல் நிகழ்ச்சியில் முதலில் பாடப்பட்டது. மின்ஸ்ட்ரல் என்பது வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலிசெய்து சிரிப்பு மூட்டிய மேடைக் கூத்து. 2020 ஜூனில் ஆட்டக்காரர்கள் இந்தப் பாட்டுக்குப் பதிலாக வேறு பாட்டு வேண்டும், சில கட்டடங்களின் பெயர் மாறவேண்டும் என்று கோரிக்கை வைத்தார்கள். ஜூலையில் நிர்வாகம் பதில் சொன்னது: கட்டடத்தின் பெயர் மாறும், அந்தக் குழுவில் ஆடிய முதல் கறுப்பரான ஜூலியஸ் விட்டியருக்குச் சிலை எழும், பாட்டு மட்டும் இருக்கும். (விட்டியர் 1970ல் ஆடவந்தார். அதற்கு முந்தைய வருஷம் தேசிய வெற்றி பெற்ற டெக்ஸாஸ் குழுவில் ஒரு கறுப்பர்கூட இல்லை. அப்படி ஜெயித்த கடைசிக் குழு அதுதான்.)

அக்டோபர் 10. டல்லஸ் நகரில் ஓக்லஹோமாவோடு ஆட்டம். நான்கு முறை நேரத்தை நீட்டி, 53-45 என்று டெக்ஸாஸ் தோற்றது. பெரும்பாலானவர்கள் உள்ளே போய்விட்டார்கள். வெள்ளையரான தலைமை ஆட்டக்காரர் ஸாம் எலிங்கர் ஏறக்குறைய தனியாக நின்று கையைத் தூக்கிய புகைப்படம் நாடெங்கும் போயிற்று. ஒரு சாராருக்கு அது விசுவாசம், மறுசாராருக்குச் சகாக்களைக் கைவிட்ட செயல். அவர் மனதில் என்ன இருந்தது என்பது படத்தில் இல்லை. படிமத்தைப் படிப்பவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. பாட்டு வேளையில் எல்லாரும் களத்தில் நிற்பார்கள் என எதிர்பார்ப்பதாக விளையாட்டு நிர்வாகி அறிவித்தார். அக்டோபர் 24 ஆட்டத்துக்கு வாத்தியக் குழு வரவில்லை. அந்தப் பாட்டை வாசிக்கப் போதுமான பேர் சம்மதிக்கவில்லை. ஒலிபெருக்கியில் பதிவுசெய்த பாட்டைப் போட்டார்கள். முக்கால்வாசி காலியான அரங்கில் யந்திரம் பாட, ஆட்டக்காரர்கள் நின்றார்கள். அபத்த நாடகக்காரர்கள் யாரும் இப்படி ஒரு காட்சியை எழுதியதாக ஞாபகம் இல்லை.

இனி வாதங்கள். பாட்டை எதிர்த்தவர்கள் அதன் பிறப்பைச் சொன்னார்கள்: கரி பூசிய மேடை. தென்னகத் தளபதி ராபர்ட் லீயின் சொற்றொடர்தான் பாட்டின் மூலம் என்ற கதையையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆதரித்தவர்கள், வரிகளில் நிறம் பற்றி ஒரு சொல் உண்டா என்று கேட்டார்கள். என் அப்பாவின் சவ அடக்கத்தில் பாடிய பாட்டு, என் கல்யாணத்தில் பாடிய பாட்டு என்றார்கள். இன்னும் சிலர் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி, பாட்டு போனால் நன்கொடையும் போகும் என்றார்கள். பிடிக்காதவர்கள் வேறு மாநிலம் போகட்டும் என்ற தொனியில் எழுதியவர்களும் உண்டு. இந்தக் கடிதங்களை 2021 மார்ச்சில் 'டெக்ஸாஸ் ட்ரிப்யூன்' வெளியிட்டது.

அதே மாதம் பல்கலைக்கழகம் நியமித்த குழுவின் அறிக்கை வந்தது. தலைவர் ரிச்சர்ட் ரெடிக், கறுப்பினப் பேராசிரியர். மின்ஸ்ட்ரல் மேடையை அறிக்கை மறைக்கவில்லை. லீ கதைக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றது. முடிவாக, பாட்டை எழுதியவரிடம் இனத்துவேஷ உத்தேசம் இல்லை என்றது.

உத்தேசம்! இந்த இடத்தில்தான் எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. பாட்டை எழுதிய ஜான் ஸிங்க்ளேர் ஒரு மாணவர். பல்கலைக்கழகத் தலைவர் ப்ராதர் மாணவர்களிடம் ஓயாமல் சொல்லிவந்த ஒரு வாசகத்தைக் கிண்டல் செய்ய எழுதியது. தலைவரை எதிரே உட்காரவைத்துப் பாடிய பரிகாசம். உத்தேசம்தான் அர்த்தத்தைத் தீர்மானிக்கும் என்றால், அந்தப் பாட்டைக் கண் கலங்கப் பாடும் அத்தனை பேரும் தப்பாகப் படிப்பவர்கள். பக்தி வந்தது பின்னால், வேறு எங்கிருந்தோ. உத்தேசத்தைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் பக்திக்கும் சேர்த்து அதனிடம் கணக்குக் கேட்கவேண்டும். அவர்கள் கேட்கவில்லை.

உத்தேசத்தைக் கொண்டு கவிதையை அளப்பது பிழை என்று விம்ஸாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946ல் எழுதிய கட்டுரை 'ஸெவானி ரெவ்யூ'வில் வந்தது. டென்னஸி மாநிலத்துப் பத்திரிகை. அப்போதைக்குச் சற்றுமுன் வரை ஆலன் டேட் ஆசிரியர். (அந்த ஸெவானிக் கல்லூரி 1899ல் ரயிலில் கிளம்பிப் போய் ஆறு நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்தது. தோற்றவர்களில் டெக்ஸாஸும் உண்டு, ஓல் மிஸ்ஸும் உண்டு.) நம்மில் பலர் 'எழுத்து' காலத்திலிருந்து அலசல் என்ற பேரில் கைக்கொண்ட புது விமர்சனம் தென்னகத்துச் சரக்கு என்பதை நாம் போதுமான அளவு யோசித்ததில்லை. ரான்ஸம், டேட், ராபர்ட் பென் வாரன் எல்லாரும் அந்த மண்ணுக்காரர்கள். 1930ல் பன்னிரண்டு தென்னகத்தார் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைத் தொகுதியின் தலைப்பே 'டிக்ஸி' பாட்டிலிருந்து எடுத்தது. டேட்டும் வாரனும் அந்தத் தலைப்பு வேண்டாமென்று வாதாடித் தோற்றார்கள். அதில் வாரன் எழுதிய கட்டுரை கறுப்பர்கள் தனியே இருப்பதை ஏற்றுக்கொண்டது. பின்னால் அவர் அதைக் கைவிட்டார், 1956ல் அதற்கு எதிராகவே ஒரு புத்தகம் எழுதினார். அதே தொகுதியில் எழுதிய டொனால்ட் டேவிட்ஸனுக்கு வாரனின் கட்டுரையே தாராளமாகப் பட்டது. ஆக, பிரதி தனித்து நிற்கிறது, சரித்திரம் வேண்டாம், எழுதியவன் வேண்டாம் என்ற கொள்கை, சரித்திரம் தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்த மனிதர்கள் நடுவே வளர்ந்தது. கொள்கையே அதனால் பொய் என்று நான் சொல்லமாட்டேன். வரிகளில் நிறம் பற்றி என்ன இருக்கிறது காட்டு என்று கேட்ட ரசிகர், தாம் அறியாமலே நல்ல புது விமர்சகர் என்றுமட்டும் சொல்வேன்.

அவருக்கு என்ன பதில்? பிறப்பைச் சொல்வது பலவீனமான பதில். சேற்றில் பிறந்த சொற்கள் எத்தனையோ கழுவப்பட்டிருக்கின்றன. லீ கதையை நம்பியவர்கள் அது விழுந்தபோது தங்கள் நியாயத்தையும் பாதி விழவிட்டார்கள். இது பிரதி பற்றிய கேள்வியே அல்ல என்பது என் எண்ணம். கவிதைப் புத்தகத்தை மூடி வைக்கலாம். கீதத்தை மூடி வைக்கமுடியாது. அது எழுத்தாக இருப்பதில்லை. ஒருவன் இன்னொருவன் முன்னால் நின்று செய்யும் காரியமாக இருக்கிறது. மணிக்கணக்கில் எலும்பு நொறுங்க ஆடிவிட்டு, தன்னைப் போன்ற முகத்தைக் கேலிசெய்யக் கரி பூசிய மேடையில் பிறந்ததென்று தெரிந்த பாட்டை, தன் ஆட்டத்துக்காகக் கைதட்டுகிறவர்களுக்கு முன்னால் நின்று பாடு என்று இருபது வயசுப் பையனிடம் சொல்லும்போது, பாட்டின் அர்த்தம் அந்த 'பாடு' என்ற ஏவலில் இருக்கிறது. வரிகளில் தேடினால் கிடைக்காது.

பணம்தான் காரணம் என்று நண்பர்கள் சிலர் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: மிஸிஸிப்பியில் பணம் கொடிக்கு எதிராக இருந்தது, டெக்ஸாஸில் பாட்டுக்கு ஆதரவாக. உண்மைதான். ஆனால் பணத்தை அசைத்தது எது? கொடி கண்ணுக்கு எதிரே இருப்பது. முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், வேறு பூவைத் தைக்கலாம். பாட்டு வாய்க்குள் இருப்பது. அப்பாவின் சாவை அதோடு முடிந்துவைத்திருப்பவனிடம் அது தப்பு என்று சொன்னால், தன் அழுகையைத் தப்பு என்று சொன்னதாகவே எடுத்துக்கொள்வான். அந்த அழுகை பொய்யல்ல. அதைப் பொய் என்று நினைத்து வாதாடியவர்கள் யாரையும் அசைக்கவில்லை. அந்த அழுகைக்குத் துணையாகக் களத்தில் நிற்கும் பையனும் பாடியாகவேண்டும் என்று அவன் கேட்டதுதான் எனக்கு விளங்கவில்லை. துக்கத்துக்குக் கூலிக்கு ஆள் வைப்பது நமக்கும் தெரியும். இங்கே கூலிகூட இல்லை.

யாரும் பாடவேண்டிய கட்டாயமில்லை என்று நிர்வாகம் 2021ல் அறிவித்தது. அடுத்த மாதமே இன்னொரு அறிவிப்பு: முதன்மை வாத்தியக் குழுவில் இருப்பவர்கள் பாட்டை வாசித்தே தீரவேண்டும்; விருப்பமில்லாதவர்களுக்காக 2022லிருந்து வேறொரு வாத்தியக் குழு தொடங்கப்படும், அது இந்தப் பாட்டை வாசிக்காது. தனித்தனியே, ஆனால் சமமாக என்ற பழைய தென்னகச் சட்ட வாசகம் கறுப்பின மாணவர்களுக்கு உடனே ஞாபகம் வந்தது. குடியுரிமை அமைப்புகள் அந்தச் செப்டம்பரில் மத்திய கல்வித்துறைக்குப் புகார் எழுதின. பாட்டு இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் பாடுகிறார்கள். அரங்கு நிறைந்துவிட்டது, சொற்கள் பழையபடி காதில் விழுவதில்லை.