ஓரக்கண்ணுக்குப் பேசும் விளக்கு

1980களின் இறுதியில் இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற மாணவர், படிப்பில் மனம் நிற்காமல் தவித்தார். சமையலறையில் பயன்படும் தக்காளி வடிவ டைமர் ஒன்றைத் திருகி மேசையில் வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினார். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்தால் நீண்ட ஓய்வு என்று அது ஒரு முறையாக வளர்ந்து, பொமொடோரோ என்ற பெயரில் உலகமெங்கும் பரவியது. அந்த டைமரை மேசை விளக்குக்குள்ளேயே வைத்துவிடும் முயற்சிகள் இப்போது நிறைய நடக்கின்றன. நிரல் எழுதி இயக்கும் அர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை, நிறம் மாறும் எல்.இ.டி. பட்டை, ஒரு பொத்தான் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம்.

யோசனை நல்லது. அலாரம் பக்கத்தில் இருப்பவரையும் கலைக்கும். டைமரை நிறுத்த செல்போனை எடுத்த கை அதை எளிதில் கீழே வைப்பதில்லை. விளக்கோ புத்தகத்தை விட்டுப் பார்வையைத் திருப்பாமலே நேரத்தை உணர்த்தும். இப்படி ஓரக்கண்ணுக்குச் சொல்வது புதிதல்ல: 1990களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் கலைஞர் நடாலி ஜெரெமிஜென்கோ கூரையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கயிற்றைத் தொங்கவிட்டார். கணினி வலையமைப்போடு இணைந்த மோட்டார் அதை ஆட்டியது. வலையமைப்பில் நெரிசல் கூடினால் கயிறு வேகமாகச் சுழலும், குறைந்தால் அவ்வப்போது லேசாகத் துடிக்கும். அங்கிருந்தவர்கள் வேலையை நிறுத்தாமலே நிலவரத்தை அறிந்தார்கள். அதே ஆய்வகத்தின் மார்க் வெய்சரும் ஜான் சீலி பிரவுனும் அமைதியான தொழில்நுட்பம் பற்றி எழுதியபோது இந்தக் கயிற்றையே எடுத்துக்காட்டினார்கள்.

நேரம் முடிந்ததும் சிவப்பில் விட்டுவிட்டு மின்னும் விளக்கு இந்தக் குணத்தை இழந்துவிடுகிறது. அது கண்ணுக்குள் அடிக்கும் அலாரம். கடைசி இரண்டு மூன்று நிமிடங்களில் வெளிச்சம் மெல்ல மஞ்சளுக்கு இறங்கினால் போதும். பச்சை என்றால் படிப்பு, சிவப்பு என்றால் ஓய்வு என்று பிரிப்பதிலும் சிக்கல் உண்டு: இவ்விரு நிறங்களையும் பிரித்தறிய முடியாதவர்கள், குறிப்பாக ஆண்களில், கணிசமாக இருக்கிறார்கள்.

ஆனால் பெருங்குறை வெளிச்சத்தில்தான் இருக்கிறது. கடிகாரப் பகுதிக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூட விளக்குப் பகுதிக்குக் கிடைப்பதில்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து பெறும் வெண்மையில் இடைப்பட்ட நிறங்கள் பல குறைவாகவே இருக்கும். அந்த வெளிச்சத்தில் நிலப்படத்தின் வண்ணங்கள் மாறித் தெரியும். மின்சாரமும் பிரச்சினைதான். பரவலாகப் பயன்படும் டபிள்யூ.எஸ். 2812பி வகை எல்.இ.டி. ஒன்று முழு வெண்மையில் 60 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். 30 எல்.இ.டி. சேர்ந்தால் 1.8 ஆம்பியர். கணினியின் சாதாரண யு.எஸ்.பி. துளை தருவது அரை ஆம்பியர். அதனால் வெளிச்சத்தைக் குறைத்து ஓட்டுகிறார்கள். எழுதவும் படிக்கவும் 500 லக்ஸ் வெளிச்சம் வேண்டும் என்று ஐரோப்பியத் தரம் சொல்கிறது, மங்கலான பட்டை அதை எட்டாது.

கண்ணுக்குப் புலப்படாத மினுக்கல் இன்னொரு குறை. வெள்ளை எல்.இ.டி.யை மங்கலாக்க அர்டுயினோ அதை மிக வேகமாக அணைத்து ஏற்றுகிறது. அர்டுயினோ வகைகளில் ஒன்றான யூனோ பலகையில், இதற்கான பெரும்பாலான முனைகளில் நொடிக்குச் சுமார் 490 முறை. இப்படி முழுதாக அணைந்து எரியும் விளக்கு நொடிக்கு 1250 முறைக்கு மேல் துடித்தால்தான் பாதிப்பு குறைவு என்பது 2015இல் பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ. வெளியிட்ட பரிந்துரை. மணிக்கணக்கில் அதன் கீழ் உட்காரும் பிள்ளைக்கு இது சின்ன விஷயமல்ல. நிரலில் பலகையின் உள் டைமர் அமைப்பை மாற்றினாலே வேகம் கூடிவிடும். படிக்கத் தனியாக நல்ல வெள்ளை எல்.இ.டி., நேரம் காட்ட மட்டும் சிறு வண்ணப் பட்டை என்று பிரிப்பதே சரியான அமைப்பு.

கடிகாரத் துல்லியத்துக்காகத் தனிச் சில்லு வாங்க வேண்டியதில்லை. பலகை அரை விழுக்காடு பிசகினாலும் 25 நிமிடத்தில் ஏழரை நொடிதான் வித்தியாசம்.

அந்த 25 நிமிடத்தையே மாற்ற முடியாதபடி பூட்டி வைப்பதுதான் தவறு. உளவியலாளர் நார்மன் மாக்வொர்த் 1948இல் வெளியிட்ட சோதனையில், கடிகார முள்போல நகரும் ஒன்றை இரண்டு மணி நேரம் கண்காணித்தவர்களின் கவனம் முதல் அரைமணியிலேயே சரிந்தது. குறுகிய சுற்றுக்கு இது ஆதரவு. ஆனால் அவர்கள் செய்தது சலிப்பூட்டும் காவல் வேலை. பாதிக் கணக்கில் ஆழ்ந்திருக்கும் மாணவியின் நிலை வேறு. அவளுக்குக் கால அளவை நீட்ட ஒரு திருகு வேண்டும், விளக்கு மஞ்சளான பிறகும் எட்டித் திருப்பும்படி, கைக்கெட்டும் தூரத்தில்.